மூளை முந்திக்கொண்டால் ‘நான்’ பொய்யாகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதன் தானாக முடிவெடுப்பதாக எண்ணுவது வெறும் மயக்கம் என்று அறிவியல் நிரூபித்துவிட்டதாகத் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிரூபணம் என்ற சொல் அங்கே சற்று அவசரமாக விழுந்துவிட்டது.

கட்டுரை சான்றாகக் காட்டுவது அமெரிக்க நரம்பியல் அறிஞர் பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்ட சோதனையை. சோதனையில் பங்கேற்றவர்களைத் தோன்றியபோது கையை அசைக்கச் சொல்லி, அந்த எண்ணம் எழுந்த கணத்தை ஒரு கடிகாரப் புள்ளியைப் பார்த்துக் குறித்துச் சொல்லவும் கேட்டார். அசைவுக்கு ஏறத்தாழ அரை வினாடி முன்பே மூளையில் மின் அலை எழத் தொடங்கியிருக்க, எண்ணமோ ஐந்தில் ஒரு பங்கு வினாடிக்கு முன்புதான் தோன்றியது. மூளை எழுதி முடித்த உத்தரவில் ‘நான்’ பிறகு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்பது கட்டுரையாளர் சொல்லும் பொருள். லிபெட்டே அவ்வளவு தூரம் போகவில்லை; எழுந்த உந்துதலைக் கடைசி நேரத்தில் தடுக்கும் அதிகாரம் நம் உணர்வுக்கு உண்டு என்றே அவர் கருதினார். 2012-இல் நரம்பியல் ஆய்வாளர் ஆரன் ஷூர்கரும் உடன் ஆய்வாளர்களும், அந்த அலை எடுத்து முடித்த முடிவின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை, மூளையில் இயல்பாக ஏறி இறங்கும் சலசலப்பு ஒரு வரம்பைத் தொடுவதாகவும் இருக்கலாம் என்று விளக்கினார்கள். கட்டுரையில் இவ்விரண்டுக்கும் இடமில்லை.

தடுப்பதைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பீடி சுற்றுவோர் நிறைந்த குடியாத்தத்தில் பிறந்து, இருபத்தாறு ஆண்டுகள் பீடி குடித்தவன் நான். விட்டு நான்கு ஆண்டுகள் ஆன பிறகும், காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியதும் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது; விரல் வெறும் துணியைத் தொட்ட பிறகே எனக்குத் தெரிகிறது. அந்தக் கையை நான் அனுப்பவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பையைக் காலியாக வைத்தவன் நான்தான். பல மாதம் தள்ளிப்போட்டு, வீட்டில் சண்டை போட்டு, ஒரு தை மாதக் காலையில் பீடிக்கட்டை அப்படியே வெந்நீர் அடுப்பில் போட்ட அந்த முடிவை எந்த அரை வினாடிக்குள் அளப்பது?

அதற்கும் முன்காரணங்கள் உண்டே என்று கட்டுரையாளர் கேட்கலாம். உண்டு: மார்பு எக்ஸ்ரே, அருகில் வரமாட்டேன் என்ற பேத்தி. அவற்றை எடைபோட்டுப் பார்த்ததைத்தான் நான் ‘நான்’ என்கிறேன். ஊழ் அதிகாரத்தை, விதியைவிட வலியது எது என்று கேட்கும் ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்ற குறளோடு முடித்த வள்ளுவர், முயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமை அதிகாரத்தை, சோராமல் முயல்வோர் விதியையும் புறமுதுகிடச் செய்வர் என்னும் ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ என்ற குறளோடு முடிக்கிறார். பள்ளியில் இதை முரண் என்று வாதாடியிருக்கிறேன். தானாகப் போகும் கையும் காலியான பையும் ஒரே சட்டையில் இருப்பதைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

இன்னொன்று. ‘நான்’ வெறும் மயக்கம் என்றே ரமணரும் சொன்னார் என்று கட்டுரை முடிவது பொருந்தாது. நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவண்ணாமலையில் வாழ்ந்த அவர், ‘நான்’ என்ற எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்று தேடினால் அது அடங்கும் என்றார். அடங்கிய பின் எஞ்சுவதை ஆன்மா என்றார், ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. அதை ஏற்பதும் மறுப்பதும் வேறு, மின் அலைச் சோதனைக்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பது வேறு. 2012 ஆய்வைப் பற்றி ஒரு பத்தியாவது வரும் ஞாயிறு இதழில் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.