சிறைக் கேட்டில் திருப்பித் தரும் பையில் ஒரு சீட்டு வையுங்கள்

நீலகிரி மாவட்ட ஆட்சியர், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலர் மூவருக்கும் வணக்கம்.

பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வேலை பார்க்கிறேன். என் தம்பி கீழே சமவெளியில் ஒரு சிறையில் ஆறு வருடம் இருந்துவிட்டுப் போன ஆவணியில் வீடு வந்தான். அவன் செய்தது தப்பு, தண்டனையை முழுசாகக் கழித்துவிட்டான். அதைப் பற்றி நான் எதுவும் கேட்க வரவில்லை.

உள்ளே போன இரண்டாம் வருடம் அவனுக்குக் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. டாக்டர் பார்த்தார், மாத்திரை கொடுத்தார்கள், மெல்லத் தெளிந்தான். மனு போட்டுப் பார்க்கப் போகும்போது அம்மாவின் முட்டிவலியை விசாரிக்கிற அளவுக்குத் தேறியிருந்தான். உண்மையைச் சொன்னால், இங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயனில் இருந்திருந்தால் மந்திரிக்கக் கூட்டிப் போயிருப்போம். ஒழுங்கான வைத்தியம் அவனுக்கு உள்ளேதான் கிடைத்தது. அது வெளியே வந்ததும் அறுந்துபோனதுதான் என் பிரச்சினை.

விடுதலையன்று கேட்டில் ஒரு பையைக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே போன நாளில் வாங்கி வைத்த சட்டை, பர்ஸ், பழைய செல்போன். கூடவே உள்ளே வேலை செய்த கூலி. பத்து நாள் மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்களாம். அதில் மாத்திரையின் பெயர் இல்லை, டாக்டர் சீட்டும் இல்லை. மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, கூடலூர் என்று பஸ் மாறி மாறி வந்து எங்கள் ரோட்டில் இறங்கும்போது இருட்டிவிட்டது. அங்கிருந்து லயனுக்கு இரண்டு கிலோமீட்டர் நடை, ஆனை நடமாடுகிற தடம். அவன் வருகிற நாள் எங்களுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு நாலு பேர் போயிருப்போம்.

வந்த முதல் வாரம் அவன் செய்த ஒன்றை இன்னும் மறக்க முடியவில்லை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போவான். சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வான். என்னடா என்றால், “கணக்கு எடுப்பாங்கக்கா” என்பான், சிறையில் ஆளை எண்ணுகிற நேரமாம். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

பத்தாம் நாள் மாத்திரை தீர்ந்தது. பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். என்ன மாத்திரை என்று கேட்டார் டாக்டர். “காலைல வெள்ளை ஒண்ணு, ராத்திரி மஞ்சள் பாதி” என்றான். சிறையில் வேளாவேளைக்குக் கையில் கொடுத்து, எதிரிலேயே விழுங்கச் சொல்வார்களாம். அட்டையை அவன் கண்ணால் பார்த்ததில்லை. டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், வெள்ளை மாத்திரை ஆயிரம் இருக்கிறது. ஊட்டிக்குப் போகச் சொன்னார். கூடலூரிலிருந்தே 50 கிலோமீட்டர், போனால் எனக்கு ஒரு நாள் கூலி போச்சு. தள்ளித் தள்ளிப் போய்ச் சேரும்போது அவன் தூங்கி எட்டு நாள் ஆகியிருந்தது, குரல்கள் திரும்பியிருந்தன. முதலிலிருந்து தொடங்கினோம். லித்தியம் மாதிரி ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் கொடுக்கவேண்டிய மருந்தோ, மாதம் ஒருமுறை போடுகிற ஊசியோ என்றால் என்ன ஆகியிருக்கும்? கடைசி ஊசி எந்தத் தேதியில் போட்டது என்று யாரைப் போய்க் கேட்பது?

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 98ஆம் பிரிவைத் தோட்டத்துக்கு வந்த சட்டத் தன்னார்வலர் படித்துக் காட்டினார். மனநல மருத்துவமனையிலிருந்து ஒருவரை அனுப்பும்போது, அடுத்து யார் பார்க்கப்போகிறார் என்று அவரோடும் குடும்பத்தோடும் பேசித் திட்டம் போட்டு அனுப்பவேண்டுமாம். 103ஆம் பிரிவு சிறைக்குள் இருப்பவர்களின் வைத்தியத்தைப் பேசுகிறது. கைதிகளை எப்படி நடத்தவேண்டும் என்று 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகளில் 110ஆவது விதி இன்னும் நேராகவே, விடுதலைக்குப் பிறகும் மனநலச் சிகிச்சை தொடர ஏற்பாடு செய்வது நல்லது என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கீழே இருக்கும் சிறையை மட்டும் கேட்டால் போதாது என்றுதான் மலையில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். தண்டனை முடிகிற தேதி முன்னாடியே தெரியும். மருந்து சாப்பிடுகிற நீலகிரிக்காரர் ஒருவர் வெளியே வரப்போகிறார் என்றால், அவர் சம்மதத்தோடு இரண்டு வாரம் முன்னால் இங்கே ஒரு தகவல் வரட்டும். எந்தத் தாலுகா, எந்த மருந்து, அடுத்த ஊசி எப்போது என்பது போதும். வழக்கு விவரம் வேண்டாம், அதைத் தெரிந்துகொள்ளத்தான் லயனே காத்திருக்கிறது. மனநலக் குழு முறைவைத்து தாலுகா மருத்துவமனைக்கு வருகிற நாளில் அவர் பெயரும் பட்டியலில் இருக்கட்டும்.

விசாரணைக் கைதிகள் கதை வேறு. ஜாமீன் உத்தரவு வந்தால் அன்று சாயங்காலமே வெளியே விட்டுவிடுவார்கள், முன்கூட்டிப் போட்ட எந்தத் திட்டமும் அங்கே எடுபடாது. அதற்குத்தான் அந்தப் பை. சட்டையும் பர்ஸும் கிடக்கிற பையில் மருந்துச் சீட்டு ஒன்று முதல் நாளிலிருந்தே இருக்கட்டும், மருந்து மாறும்போதெல்லாம் சீட்டையும் மாற்றட்டும். எப்போது கதவு திறந்தாலும் சீட்டு கூடவே வரும். பின்பக்கம் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416ஐத் தமிழில் அச்சடியுங்கள். இரவிலும் எடுக்கிறார்கள், காசு கிடையாது. சிக்னலுக்குத்தான் நாங்கள் மேட்டுக்கு ஏறவேண்டும், அது வேறு பஞ்சாயத்து.

மாத்திரையும் பத்து நாளுக்குப் பதில் முப்பது நாளுக்கு இருந்தால் நல்லது. அதன் பிறகு? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அதைக் கொண்டுவருகிற அதே சுகாதாரப் பணியாளர் அக்கா தம்பியின் மாத்திரையையும் அதே பையில் கொண்டுவர மாட்டாரா? ஜெயிலுக்குப் போனவன், மனசு சரியில்லாதவன் என்று இரண்டு பெயரைச் சுமப்பவன் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கக் கூசுகிறான். வீட்டுக்கு வந்தால் வாங்கிச் சாப்பிடுவான்.

தம்பி இப்போது பரவாயில்லை. ஆறு மணிக்கு உள்ளே போவது நின்றுவிட்டது. டாஸ்மாக் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்கிறேன், அந்த மட்டும் என் கையில் இருக்கிறது.

எங்கள் லயனிலிருந்து போன இன்னொருவர் வருகிற மாசியில் வெளியே வருகிறார். அவரும் மாத்திரை சாப்பிடுகிறவர். அவருடைய அம்மா நேற்றுத் தராசு அருகே நின்று, யாரிடம் சொல்லி வைப்பது என்று என்னைக் கேட்டார். உங்கள் மூவரில் யாருடைய எண்ணைக் கொடுக்கட்டும்?

இப்படிக்கு,
பந்தலூரிலிருந்து ஓர் அக்கா