அந்த ஒரு 'வா' மட்டும் போதும் கண்ணு

கண்ணு, நல்லா இருக்கியா. இங்க கோத்தகிரில ரெண்டு நாளா வெயிலே இல்ல, ஒரே மிஸ்ட்.

நேத்து போன்ல நீ சொன்னதுல இருந்து மனசு அங்கயே இருக்கு. உன் நாய்க்குட்டி கயித்த உருவிட்டு ஓடுச்சு, அரை மணி நேரம் கூப்பிட்டும் வரல, கடைசில கிட்ட வந்தப்ப ரெண்டு அடி வச்சேன்னு சொன்னியே, அது இனிமே வேணாம்டா. ஓடுனதுக்குத்தான் அடின்னு அதுக்கு புரியாது, உன்கிட்ட வந்ததுக்கு அடி விழுந்துச்சுன்னுதான் மனசுல நிக்கும்.

ஷேக் ஹேண்ட் கத்துக் குடுக்குறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். உட்கார்றது ஈஸி, மூக்குக்கு மேல தீனிய காட்டி அப்படியே தலைக்குப் பின்னாடி கொண்டு போ, தானா உட்காரும், உட்கார்ந்த நொடியே குடுத்துடு, நீ பாக்கெட்ல தேடுறதுக்குள்ள எந்திரிச்சுட்டா எந்திரிச்சதுக்கு குடுத்த மாதிரி ஆயிடும். 'வா'வுக்குத்தான் நீ கஷ்டப்படணும். வீட்டுக்குள்ள ரெண்டடி தள்ளி நின்னு ஒரே ஒரு தடவ சொல்லு, பத்து தடவ கத்துனா அது வெறும் சத்தம். வந்தா வேக வச்ச சிக்கன், புளியங்கொட்டை அளவு போதும், வெங்காயம் போட்ட குழம்புக் கறி குடுத்துடாத, நாய்க்கு ஆகாது. ஒரு நாளைக்கு மூணு தடவ, 5 நிமிஷம். அப்புறம் 10 மீட்டர் கயிறு கட்டி வெளிய. குளிப்பாட்டவோ மாத்திர குடுக்கவோ 'வா'ன்னு கூப்பிடாத, நீயே போய் தூக்கிக்கோ. விளையாடிட்டு இருக்கும்போது நடுவுல கூப்பிட்டு தீனி குடுத்து திரும்ப விட்டுடு, இல்லனா 'வா'ன்னா வீட்டுக்கு போறதுன்னு நினைச்சுக்கும்.

உன்கிட்ட சொல்லாத ஒண்ணு இருக்கு. நம்ம பழைய நாய் ராக்கிய சிறுத்த தூக்கிட்டு போச்சுன்னு மட்டும்தான் சொன்னேன். அதுக்கு முந்தின வாரம் கோழிய துரத்திட்டு வந்தான்னு வெளக்குமாத்தால அடிச்சேன். அதுல இருந்து கூப்பிட்டா வாசப்படிக்கு பத்தடி தள்ளியே நின்னு வாலக் கால் நடுவுல வச்சுக்குவான். அன்னிக்கு ராத்திரியும் அப்படித்தான் நின்னான், நானும் வந்தா வரட்டும்னு கதவ சாத்திட்டேன். நீ ப்ளஸ் டூ பரிட்சைல இருந்த, சொல்ல வாய் வரல.

அதனாலதான் இப்ப இருக்குற நாய் மணி மேல ஒரு நாளும் கை ஓங்குனதில்ல. போன மாசம் தேயிலச் செடிக்கு நடுவுல காட்டுமாடு ஒண்ணு, பெரிய ஆம்பள மாடு, முதுகு மட்டும் தெரியுது, மணி காத விரச்சுக்கிட்டு உறுமுறான், இன்னும் நாலடி போனா அது திரும்பிடும். குரல உசத்தாம ஒரு தடவ 'வா'ன்னேன். மாட்டப் பாத்தான், என்னப் பாத்தான், ஓடி வந்து என் கால்ல ஒட்டிக்கிட்டான். கைல டீக்கு வச்சிருந்த வர்க்கிதான் இருந்துச்சு, முழுசும் குடுத்துட்டேன்.

பொங்கலுக்கு குட்டியக் கூட்டிட்டு வா, வெறிநாய் ஊசி போட்ட கார்டையும் எடுத்துக்கோ. நீளக் கயிறு மறந்துடாத, இங்க ஆறு மணிக்கு மேல நாய வெளிய விட முடியாது.

அம்மா