காய்ச்சல் கண்ட பிள்ளை படுக்க ஓர் அறை

அன்புள்ள பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

போன முறை ஃப்ளூ பரவிய சமயத்தில், முதல் வகுப்புக் குழந்தை ஒன்று உடம்பு அனலாய்க் கொதிக்க, கடைசி பெஞ்சில் சுருண்டு கிடந்தது. வேலையிடத்தில் சொல்லிவிட்டு அதன் அம்மா வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவரை பிள்ளையைப் படுக்கவைக்க நம்மிடம் ஓர் இடம் இல்லையே என்பதுதான் எங்களை இன்னும் உறுத்துகிறது.

மாடிப்படிக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமைக் காலி செய்து நோயறையாக மாற்றப்போகிறோம். இரண்டு ஜன்னல் இருப்பதால் காற்று நன்றாக வரும். இரண்டு கட்டில், துடைத்து எடுக்கக்கூடிய உறை போட்ட மெத்தை, தெர்மாமீட்டர், மாஸ்க், மூடி போட்ட குப்பைத்தொட்டி வேண்டும். அப்புறம் ஒரு நாற்காலி. பிள்ளையை அங்கே தனியாக விடமாட்டோம். ஒரு பெரியவர் கூடவே இருப்பார். மூச்சு வேகமாக வாங்குகிறதா, உதடு நீலம் பாரிக்கிறதா, வெகுநேரமாகச் சிறுநீர் போகவில்லையா என்று பார்த்து, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக அவருக்குப் பயிற்சி தருவோம். பெற்றோரைக் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்கமாட்டோம்.

காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஃப்ளூ தொற்றத் தொடங்கிவிடும். அதனால் இந்த அறை எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று சொல்லமாட்டோம். ஆனால் நோய் வந்த முதல் 3, 4 நாளில்தான் அதிகமாகப் பரவும். அந்த நேரத்தில் பிள்ளையை வகுப்பிலிருந்து பிரித்து வைப்பது பெரிய உதவி. கைகழுவும் குழாய்களையும் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் இறக்கி வைக்க வேண்டும்.

எங்களுக்கு அதிகக் கவலை காப்பகத்துக் கைக்குழந்தைகளைப் பற்றித்தான். 6 மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. தூக்கி வைத்திருக்கும் கைகள்தான் அதற்குக் காவல். ஆகவே ஆயாக்கள், ஆசிரியர்கள் எல்லோருக்கும் தடுப்பூசி போடும் செலவைக் குழு ஏற்க நினைக்கிறது. ஊசி வேலை செய்யச் சுமார் 2 வாரம் பிடிக்கும் என்பதால், ஃப்ளூ காலம் தொடங்கும் முன்பே பணம் கையில் இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. காய்ச்சலில் இருக்கும் ஆயா சம்பளம் போய்விடுமே என்று வேலைக்கு வந்தால், நாம் செய்ததெல்லாம் வீண். அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பும், அவர் இடத்தில் வருபவருக்குக் கூலியும் கொடுக்க ஒரு தொகை ஒதுக்குவோம்.

எவ்வளவு சின்னத் தொகையானாலும் தாருங்கள். கட்டில், மெத்தை வாங்கித் தரலாம். தச்சு வேலை, குழாய் வேலை தெரிந்தவர்கள் ஒரு நாள் வந்து கைகொடுத்தால் அதுவும் நன்கொடைதான். பள்ளி அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் இருக்கும்.

பணம் தர வழியில்லாதவர்கள் சங்கடப்படவே வேண்டாம். மருந்து கொடுக்காமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆனபிறகு பிள்ளையை அனுப்புங்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் முன்கூட்டியே குழுவிடம் சொல்லுங்கள், சேர்ந்து யோசிப்போம்.

இப்படிக்கு,
பெற்றோர் ஆசிரியர் குழு