கம்பியை எடுக்கும் முன்

அன்புள்ள கோமதி,

பதில் போடத் தாமதமானதற்கு நீ திட்டிய திட்டெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது, போதும். இங்கே எல்லோரும் நலம். அண்ணனைக் கேட்டதாகச் சொல். ‘அடுத்த மாசம் முதுகைத் திறந்து, அன்னைக்கு எலும்பை இணைக்கப் போட்ட ஆறு ஸ்க்ரூவையும் ரெண்டு ராடு கம்பியையும் பிடுங்கிப் போடப்போறேன், இனிமே தாங்காது’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே பரிமளாவின் மருமகள் புராணத்துக்குத் தாவிவிட்டாய். அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. மருமகள் கதை பிறகு.

எடுக்காதே என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எடுத்த பிறகு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. எடுத்தும் அதே வலியோடு, கூடவே ஒரு புதுத் தழும்போடு இருப்பவர்களும் நிறைய. வலியைக் கொடுப்பது அந்த உலோகம்தானா என்று கத்தி வைப்பதற்கு முன்பே உறுதி செய்துகொண்டார்களா என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம். உன் கடிதம் முழுக்கத் தேடினேன். எப்போது எடுப்பது, எத்தனை நாள் லீவு, யார் கூட இருப்பது எல்லாம் இருக்கிறது. இணைத்த எலும்புகள் ஒட்டி ஒன்றாகக் கூடிவிட்டதா என்று ஒரு வார்த்தை இல்லை. கேள்வியைப் படிக்காமலேயே பதில் எழுத ஆரம்பிக்கும் பழக்கம் உன்னை இன்னும் விடவில்லையடி.

உன் முதுகுக்கு வைத்தியம் செய்தது எலும்பு. உலோகம் அதற்குக் காவல் மட்டும்தான். 1911இலேயே ஹிப்ஸ், ஆல்பி என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் ஒரு ஸ்க்ரூ கூட இல்லாமல், எலும்பை மட்டும் வைத்து முதுகெலும்புகளை இணைத்தார்கள். ஸ்க்ரூ எல்லாம் பின்னால் வந்தது. கான்கிரீட் இறுகும்வரை சென்டரிங் நிற்பதுபோல, எலும்பு இறுகும்வரை அசையாமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. எலும்பு கூடியிருந்தால் அந்த வேலை முடிந்துவிட்டது, எடுக்கலாம். கூடாமலிருந்தால் உன் கீழ்முதுகில் எல்4, எல்5, எஸ்1 என்ற மூன்று எலும்புகளையும் இன்றைக்குப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு ராடு மட்டுமே. அதைப் போய் எடுத்தால் வலி கூடும், எலும்பு மறுபடி நழுவும். கூடாத எலும்புக்கு வைத்தியமே வேறு: பழைய ஸ்க்ரூவைக் கழற்றி, அதே துளையில் ஒரு மில்லிமீட்டர் தடித்ததைப் போட்டு, புதிதாக எலும்புத் துகள் வைத்துக் கட்டுவது.

‘எக்ஸ்ரே பார்த்து கூடிடுச்சுன்னு சொல்லிட்டாங்க’ என்று நீ சொல்வாய். எக்ஸ்ரே போதாது. குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கிற படத்தில் அசைவு தெரிந்தால் கூடவில்லை என்று சொல்லலாம். அசைவு தெரியாவிட்டால் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது, ராடே அசையாமல் பிடித்திருக்கலாம். கேட்க வேண்டியது சி.டி. ஸ்கேன்: ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ ஆன மெல்லிய வெட்டுகள், உலோகத்தால் படத்தில் விழும் பளபளப்பைக் குறைக்கும் முறையில், பக்கவாட்டிலும் முன்பக்கத்திலிருந்தும் திருப்பி அமைத்த படங்களோடு. அதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கேஜ் (இரண்டு எலும்புக்கு நடுவே வைத்த கூடு) வழியாகவும் அதைச் சுற்றியும் மேல் எலும்பிலிருந்து கீழ் எலும்புவரை அறுபடாமல் எலும்பு ஓடுகிறதா? ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் இருக்கிறதா? அந்த வளையம் இருந்தால் ஸ்க்ரூ தளர்ந்து எலும்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எஸ்1 ஸ்க்ரூக்களைத் தனியாகப் பார்க்கச் சொல். இடுப்பின் மொத்தப் பளுவும் அங்கேதான் இறங்குகிறது, தளர்வதும் அங்கேதான் அதிகம். ரிப்போர்ட்டில் ‘இம்ப்ளான்ட் இடத்தில் உள்ளது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதை வைத்துக்கொண்டு ஆறுதல் அடையாதே, நம் கேள்விக்கு அது பதிலே இல்லை.

தளர்ந்த ஸ்க்ரூ என்றால் இன்னொரு சந்தேகமும் வர வேண்டும், சீழ். காய்ச்சல், சிவப்பு, வீக்கம் என்று ஆர்ப்பாட்டமாக வருவது ஒரு வகை. இன்னொன்று தோலிலேயே வாழும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற கிருமி. அது உலோகத்தின் மேல் படலமாகப் படிந்து வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். இரண்டும் சரியாக இருந்தாலும் அது இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. படுத்தாலும் இருந்தாலும் ஒரேமாதிரி குடைகிற வலி, ராத்திரியில் அதிகம் என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல். எலும்பு கூடியிருந்து, உள்ளே கிருமியும் இருந்தால் உலோகத்தை எடுப்பதற்கு அதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

அடுத்தது, வலி எங்கே? ‘இடுப்பெல்லாம்’ என்று எழுதாதே. நிமிர்ந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா பார். ஸ்க்ரூவின் தலை துருத்திக்கொண்டு தசையை உரசுவதால் வருகிற வலி, நடுத்தழும்பிலிருந்து சற்றுத் தள்ளி, அழுத்தினால் ‘ஆ’ என்று சொல்ல வைக்கும். கெட்டியான நாற்காலி முதுகில் சாய்ந்தால், தரையில் மல்லாந்து படுத்தால் கூடும். உன்னைப்போல் ஒல்லியான உடம்புக்கு இது அதிகம். ஆனால் விரல் கொஞ்சம் கீழே, இடுப்பின் பின்பக்கக் குழியில் போய் நின்றால் அது எஸ்.ஐ. மூட்டாக, அதாவது முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டாக, இருக்கலாம். எஸ்1 வரை இணைத்த பிறகு அசைவெல்லாம் அந்த மூட்டின் தலையில் விழுகிறது, அது வலிப்பது சகஜம். எஸ்1 ஸ்க்ரூவின் தலைக்கும் அந்தக் குழிக்கும் இடைவெளி சில சென்டிமீட்டர்தான். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: மூட்டு வலிக்க, ஸ்க்ரூவை எடுத்துவிடுகிறார்கள். இணைப்புக்கு மேலே உள்ள எல்3–எல்4 தேய்ந்தாலும் வலிக்கும், அதற்கு நின்று நடந்தால் கால் கனக்கும். காலில் மின்சாரம்போல் இறங்குகிற வலி என்றால் நரம்பு. ஸ்க்ரூ நரம்புத் துளைக்குள் எட்டிப் பார்க்கிறதா என்பதை அதே சி.டி. சொல்லும்.

இதையெல்லாம் பிரித்துச் சொல்ல ஒரு வழி இருக்கிறது, நீ அதைச் செய்துகொண்டதாகத் தெரியவில்லை. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசியை நேரே ஸ்க்ரூவின் தலைவரை கொண்டுபோய், உலோகத்தில் தட்டுப்பட்டதும், ஒவ்வொன்றுக்கும் ஒன்றோ இரண்டோ மில்லி மரப்பு மருந்து மட்டும் விடுவது. அதிகம் விட்டால் பக்கத்து மூட்டுக்கும் பரவி, அங்கிருந்து வருகிற வலியும் சேர்ந்து அடங்கிவிடும், நாம் ஸ்க்ரூதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். ஸ்டீராய்டு சேர்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல். சோதனைக்கு அது தேவையில்லை, ஆபரேஷனுக்குக் கொஞ்ச நாள் முன்பு போட்டால் சீழ் பிடிக்கும் ஆபத்தையும் கூட்டும். மயக்க ஊசியும் வேண்டாம். அரைத் தூக்கத்தில் வலி இல்லை என்று சொல்வது யாருக்குப் பிரயோஜனம்?

ஊசி போட்ட அன்றைக்கு நீ என்ன செய்கிறாய் என்பதுதான் சோதனையே. காலையில் வலி மாத்திரை போடாமல் போ. போகும் முன் பத்துக்கு எத்தனை வலி என்று எழுதிக்கொள். வந்ததும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடாதே. எது வலிக்குமோ அதையெல்லாம் செய்: அந்த நாற்காலியில் சாய், மாடிப்படி ஏறு, குனிந்து துணி எடு. அரை மணிக்கு ஒருமுறை, ஆறு மணி நேரம்வரை எண்ணை எழுது. மரப்பு மருந்து லிக்னோகெய்ன் என்றால் ஒன்றிரண்டு மணி நேரம், புபிவகெய்ன் என்றால் அதைவிட நீளமாக வலி அடங்க வேண்டும். எட்டிலிருந்து இரண்டுக்கு இறங்கி, மருந்து தீர்ந்ததும் பழையபடி ஏறினால் அது நல்ல சாட்சி. எட்டு ஆறானால் சாட்சி இல்லை. மூன்று நாள் வலியே இல்லை என்றால் அது மருந்தின் வேலை அல்ல, நம்பாதே. முடிந்தால் இன்னொரு நாள் வேறு மருந்தில் மறுபடி செய்யச் சொல். எஸ்.ஐ. மூட்டு ஊசியை வேறு நாளில் வை, இரண்டையும் ஒரே நாளில் போட்டால் எதுவும் விளங்காது.

உன் தங்கை அனுப்பிய ‘டைட்டானியம் விஷம்’ வீடியோவைப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன், மன்னிக்கச் சொல். உன் ஸ்க்ரூ டைட்டானியத்தில் அலுமினியமும் வனேடியமும் கலந்த கலவையாக இருக்கும். நிக்கல் ஒவ்வாமை என்கிற பேச்செல்லாம் பழைய எஃகு ஸ்க்ரூக்களுக்குப் பொருந்தும். உலோக ஒவ்வாமை இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை, அபூர்வம் என்கிறேன். தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை, ஆழத்தில் தசைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லாது. குளிர்காலத்தில் குடைகிறது என்பது மட்டும் எடுப்பதற்குக் காரணம் ஆகாது. எம்.ஆர்.ஐ. எடுக்கவும் டைட்டானியம் தடை இல்லை, படம் அந்த இடத்தில் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

சரி, எல்லாம் பார்த்து எடுப்பதாகவே முடிவானால், உடனே தேடி எடுக்க வேண்டியது பழைய ஆபரேஷன் குறிப்பில் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம். கம்பெனி, மாடல், அளவு (6.5க்கு 45 என்பதுபோல், தடிமனும் நீளமும் மில்லிமீட்டரில் இருக்கும்), எல்லாம் அதில் இருக்கும். ராடை அழுத்திப் பிடிக்கும் மேல்மூடியைத் திறக்க ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஸ்க்ரூடிரைவர். அது தெரியாமல் உள்ளே போனால் மூடியின் பள்ளம் வழுக்கி மழுங்கிவிடும். பிறகு ராடை அறுக்க வேண்டும், உலோகப்பொடி தசையெல்லாம் சிதறும், ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரமாகும். எல்லாக் கம்பெனிக்கும் பொருந்துகிற கழற்றும் செட்டும் உண்டு, அதையும் எடுத்து வைக்கச் சொல். ஸ்க்ரூ உள்ளேயே முறிந்திருந்தால் தண்டை விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நல்லது. தோண்டினால் அது இருக்கிற எலும்புக் குழாய் உடையும். கேஜைத் தொட மாட்டார்கள், தொடவும் கூடாது.

உள்ளே போனதும் ராடை எடுத்துவிட்டு எலும்பு அசைகிறதா என்று நேரிலேயே அசைத்துப் பார்ப்பார்கள். எந்த ஸ்கேனைவிடவும் நம்பத்தக்க சோதனை அதுதான். எனவே ஒப்புதல் தாளில் கையெழுத்து போடும் முன்பே இதைக் கேள்: ‘திறந்து பார்த்து, கூடலைன்னா என்ன செய்வீங்க?’ அதே நேரத்தில் தடித்த ஸ்க்ரூவும் எலும்புத் துகளும் வைப்பதற்கு எல்லாம் தயாராக இருக்க வேண்டும், அதற்கும் சேர்த்து நீ சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். ‘அப்போ பாத்துக்கலாம்’ என்று பதில் வந்தால் வேறொரு டாக்டரையும் பார். திசுவில் ஐந்து மாதிரியாவது எடுத்து, பதினான்கு நாள் கிருமி வளர்ப்பில் வைக்கச் சொல். அந்தச் சோம்பேறிக் கிருமி மூன்று நாளில் முளைக்காது.

முன்பு உனக்கு நரம்பை விடுவிக்க நடு எலும்பை எடுத்திருக்கிறார்கள். அதனால் தழும்புக்குக் கீழே நரம்பு உறைக்கு மேல் கூரை இல்லை. திரும்பத் திறக்கும்போது உறை கிழிந்து நீர் கசியும் ஆபத்து நடுவில்தான். ஸ்க்ரூக்கள் ஓரத்தில் இருப்பதால் ஓரமாகவே போவார்கள். தசையை மறுபடி எலும்பிலிருந்து பிரிக்க வேண்டும், அது ஒரு தனி வலி, சில வாரம் இருக்கும். ரத்தம் கட்டுவது, நீர் சேர்வது, சீழ் எல்லாம் எந்த ஆபரேஷனுக்கும் உண்டானவை. துளைகள் உடனே மூடாது. அதுவரை எலும்பு அந்த இடத்தில் பலவீனம். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் கனம் தூக்குவது, முறுக்குவது இரண்டும் கூடாது. எலும்பு அடர்த்தி சோதனையை முன்பே செய்துகொள், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வா. ரத்தம் நீர்க்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள். நரம்பு வலிக்குப் போடும் ப்ரீகாபலினை நீயாக ஒரே நாளில் நிறுத்தித் தொலைக்காதே. வலி குறைந்ததா என்ற தீர்ப்பை மூன்று மாதத்துக்கு முன் எழுதாதே.

கோமதி, ஊசியில் வலி இறங்கவில்லை, சி.டி.யில் எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, சீழும் இல்லை என்றால் எடுப்பதை விட்டுவிடு. உன் வலி பொய் என்று நான் சொல்லவில்லை. மூன்று வருஷம் ஒருவரை விடாமல் வலித்தால் நரம்பே வலியைப் பெரிதாக்கிச் சொல்லப் பழகிவிடும். கத்திக்கு அது அடங்காது. எஸ்.ஐ. மூட்டு, தசை, தூக்கம், மருந்தின் அளவு என்று அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கும். அது மெதுவான வழி, உன் பொறுமைக்கு அது எவ்வளவு கசக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் தேதியை இப்போதைக்குத் தள்ளி வை, ரத்து செய்ய வேண்டாம். சி.டி.யின் ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் இருக்கிற டிஸ்க்கை அனுப்பு. ஸ்டிக்கர் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. அண்ணனை விட்டு முதுகில் வலிக்கிற இடத்தில் பேனாவால் புள்ளி வைக்கச் சொல்லி அதையும் ஒரு படம், தழும்பும் சேர்ந்து தெரிகிற மாதிரி. அவர் கை நடுங்கினால் பரிமளாவின் மருமகளைக் கூப்பிடு, அந்தப் பெண்ணைப் பற்றி நீ எழுதியதில் பாதியை நான் நம்பவில்லை.

உன்,
மல்லிகா