ஜெர்மனி போற பிள்ளைங்களும் நம்ம ஊர் வொக்கேஷனல் குரூப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க இப்போ ஜெர்மன் பாஷை படிக்கப் போறாங்க, அங்க நர்சிங் அவுஸ்பில்டுங் (வேலை பாத்துக்கிட்டே படிக்கிற தொழில் பயிற்சி) சேரணும்னு. படிக்கும்போதே சம்பளம் உண்டுன்னு வீட்டுக்கு வீடு இதே பேச்சு. ஆனா அதுக்கு முன்னால அங்க பள்ளிக்கூடத்துலயே நடக்கிறத பத்தி யாரும் பேசக் காணோம்.

பெரும்பாலான மாநிலத்துல நாலாம் கிளாஸ் முடிஞ்சதும் பிள்ளைங்கள வேற வேற பள்ளிக்கூடத்துக்குப் பிரிச்சிருவாங்க. பழைய முறைப்படி அது மூணு வகை: யுனிவர்சிட்டி போற வழிக்கு கிம்னாசியம், நடுவுல ரியால்ஷூலே, அப்புறம் ஹவுப்ட்ஷூலே. கைத்தொழில் பக்கம் போறவங்களுக்கு ஹவுப்ட்ஷூலே, ஒன்பதாம் கிளாஸ் வரைக்கும், அங்க தொழில் சம்பந்தமான பாடம் தனியாவே உண்டு, எட்டு ஒன்பது படிக்கும்போது ரெண்டு மூணு வாரம் ஏதாவது பேக்கரியிலயோ வொர்க்‌ஷாப்லயோ போய் நின்னு வேலை பாக்கணும். அப்புறம்தான் தொழில் பயிற்சி. வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் தொழில் பள்ளி, மிச்ச நாள் கம்பெனி, ரெண்டு வருஷத்துல இருந்து மூணரை வருஷம் வரை, மாசா மாசம் சம்பளம். எலக்ட்ரீஷியன்ல இருந்து பேங்க் வேலை வரைக்கும் 300க்கு மேல தொழிலுக்கு இப்படி இருக்கு, பரீட்சை வச்சு சர்டிபிகேட் தர்றது தொழில் சேம்பர் (அந்தந்த பகுதி தொழில் நிறுவனங்களோட அமைப்பு), அதனால எந்த ஊருக்குப் போனாலும் அதுக்கு மதிப்பு. 1969லயே இதுக்கு சட்டம் போட்டாச்சு.

ஆனா பத்து வயசுலயே பிரிக்கிறது வேண்டவே வேண்டாம். 2000ல பல நாட்டு 15 வயசு பிள்ளைங்களுக்கு நடந்த பீசா தேர்வுல, வீட்டு வசதிதான் பிள்ளையோட படிப்ப தீர்மானிக்குதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் பல மாநிலத்துல ஹவுப்ட்ஷூலேய ரியால்ஷூலேயோட சேத்துட்டாங்க. 1953ல ராஜாஜி கொண்டு வந்த குலக்கல்வித் திட்டம் அடுத்த வருஷமே காமராஜர் ஆட்சியில போச்சே (நம்ம ஜில்லா அப்போ திருவிதாங்கூர்-கொச்சியில இருந்துச்சு), பிள்ளைய அப்பன் தொழில்லயே கட்டிப் போட்டுருவாங்களோங்கிற அந்த பயம் நியாயமான பயம், அத மறக்கக் கூடாது.

அதனால நான் கேக்கிறது வேற. ஒன்பதாம் கிளாஸ்ல எல்லா பிள்ளைங்களையும், முதல் மார்க் வாங்குற பிள்ளையையும் சேத்துத்தான், ரெண்டு வாரம் வேலை நடக்கிற இடத்துக்கு அனுப்புங்க. சின்னமுட்டத்துலயும் தேங்காப்பட்டணத்துலயும் போட் இன்ஜின் ரிப்பேர் இருக்கு, மயிலாடியில சிற்பக்கூடம் இருக்கு, குலசேகரம் பக்கம் ரப்பர் இருக்கு. 1978ல ஆரம்பிச்ச ப்ளஸ் டூ வொக்கேஷனல் குரூப் எங்க ஊர் பள்ளியில வாத்தியார் ரிட்டயர் ஆனதோட நின்னுபோச்சு, புதுசா ஆள் போடவே இல்ல! அந்த போஸ்ட்டுக்கு ஆள் போட்டு, வாரத்துல ரெண்டு நாள் வெளிய பயிற்சி, அதுக்கு ஒரு ஸ்டைபண்ட், முடிச்சவங்களுக்கு பாலிடெக்னிக்கும் காலேஜும் தொறந்தே இருக்கணும். வர்ற ஜூன்ல ஸ்கூல் தொறக்கிறதுக்கு முன்னால கல்வித்துறையும் இங்க உள்ள தொழில் முதலாளிங்களும் ஒரு தடவை உக்காந்து பேசணும், கலெக்டர் கூப்பிட்டா வருவாங்க.

இப்படிக்கு,
எட்டாம் கிளாஸ் படிக்கிற பையனோட அம்மா,
தக்கலை