ஒரே ஒரு குறிக்காகக் கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

பழைய மண்டிக் கணக்கில், மிச்சத்தை அடுத்த ஏட்டுக்குக் கொண்டுபோகும் இடத்தில் போடுவார்களே, அந்தச் சுருக்கக்குறியை யூனிகோடில், அதாவது கணினியும் செல்போனும் எழுத்துகளை அடையாளம் காண வைத்திருக்கும் உலகப் பொதுப் பட்டியலில், சேர்க்கச் சொல்லும் முன்மொழிவை ஒருவழியாக அனுப்பிவிட்டோம். உதவியவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே நன்றி சொல்ல ஆசை.

முதலில் படிவத்தை நிரப்பிய அக்காவுக்கு. யூனிகோடுக்கும், அதோடு ஒத்துப்போகும் ஐஎஸ்ஓ 10646 என்ற பன்னாட்டுத் தரத்துக்குமான அந்த முன்மொழிவுப் படிவம் உலகத்து எழுத்துகள் அத்தனைக்கும் பொதுவானது. அதனால் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப்பிள்ளை இழுத்த ஒரு சுழியைப் பற்றியும், சீனப் பட எழுத்து வகையைச் சேர்ந்தது ஏதாவது இதில் உண்டா என்று கேட்கும். இல்லை என்று எழுதியே ஆக வேண்டும். கட்டுப்பாட்டுக் குறியா? இல்லை. இப்போது புழக்கத்தில் இருக்கிறதா, செய்தித்தாள், பத்திரிகையில் வந்த மாதிரி இருக்கிறதா என்ற இடத்தில் நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. பற்று, வரவு, மேற்படி குறிகள் 2003-இலேயே யூனிகோடில் ஏறிவிட்டன, 2019-இல் முந்திரி, காணி என்ற பின்னங்கள், உழக்கு, குறுணி என்ற அளவைகள் உட்பட 51 குறிகள் வந்தன, அதே ஏடுகளில் அதே கையெழுத்தில் இருப்பதுதான் இதுவும் என்று வரிக்கு வரி பதில் எழுதினார்.

"பயன்படுத்தும் சமூகத்தினரைத் தொடர்புகொண்டீர்களா, யாரை?" என்று ஒரு கேள்வி. எங்கள் சமூகம் தண்டையார்பேட்டையில் ஒரு திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போவதற்கு முன்னால் கொத்தவால் சாவடியில் கணக்கு எழுதிய பெரியவர் அவர். அப்பாவின் பேரேட்டை மடியில் விரித்து, செல்லரித்த பக்கத்தில் விரலை வைத்து, "இதைப் போட்டாத்தான் தம்பி, மேல பாக்கணும்னு அடுத்தவனுக்குத் தெரியும்" என்றார். அப்புறம் முந்திரியில் ஆரம்பித்து, அரைக்காணி, காணி என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. ஐயா, படிவத்தில் உங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. ஆனால் அந்த முன்மொழிவே உங்களுடையது, உங்களுக்குத் தலைவணங்குகிறேன்.

எழுத்துருவையும் நாமே கொடுக்க வேண்டும். செல்போன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, மைக் கசிவு எது, நிஜமான வளைவு எது என்று பார்த்து வரைந்து கொடுத்த வடபழனித் தம்பிக்கு நன்றி. பழைய எண்சுவடி (கணக்கு வாய்பாடு) புத்தகங்களைத் தேடித் தந்த தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தாருக்கும் நன்றி. பெயர் வைக்கும்போது எங்களை அவசரப்பட விடாத தமிழாசிரியைக்கு ரொம்பவே கடமைப்பட்டிருக்கிறோம். ஏனென்றால் யூனிகோடில் ஒரு குறி ஏறிவிட்டால் அதன் இடத்தையோ பெயரையோ பிறகு மாற்றவே முடியாது. நம் ஆய்த எழுத்துக்கு அங்கே இன்றைக்கும் வடமொழிக் குறியான விசர்கம் என்றுதான் பெயர். இந்தக் கெடுபிடி எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் நிரந்தரமாக வைக்கப்போகிற ஒன்றுக்கு இத்தனை கேள்வி கேட்பது நியாயம் என்றே இப்போது நினைக்கிறேன். சீன எழுத்துக் கேள்வியை மட்டும் யாராவது எடுத்துவிட்டால் புண்ணியமாகப் போகும்.

சரி, இனி யூனிகோடு குழு கூடி முன்மொழிவைப் பார்க்க வேண்டும். இன்னும் சான்று கேட்பார்கள் என்றே தோன்றுகிறது. அதனால் இன்னொரு உதவி: சௌகார்பேட்டையோ ராயபுரமோ, வீட்டுப் பரணில் தாத்தா காலத்துப் பேரேடு கிடந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கம் முழுவதும் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள், எந்த ஊர், எந்த வியாபாரம், யார் எழுதியது என்று தெரிந்ததைக் கூடவே எழுதி அனுப்புங்கள். அடுத்த முன்மொழிவில் அந்தப் பக்கங்களைச் சேர்த்துவிடுகிறோம்.