சமையலறைத் தரைக்கு அடியில் அரிசி

அன்புள்ள டீட்டர் டெங்லர் அவர்களுக்கு,

வியட்நாம் போரின்போது லாவோஸில் சிறைப்பட்டுத் தப்பிய அமெரிக்க விமானி நீங்கள். ஓர் ஆவணப்படத்தில் உங்கள் கலிபோர்னியா வீட்டின் சமையலறைத் தரையைத் திறந்து காட்டினீர்கள். உள்ளே பீப்பாய் பீப்பாயாக அரிசி, மாவு, தேன். இவ்வளவும் தேவைப்படாது என்று உங்களுக்கே தெரியும், ஆனால் கீழே இருந்தால்தான் நிம்மதியாகத் தூங்க முடியும் என்கிற மாதிரி பேசினீர்கள். உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது அங்கேதான்.

பசி உங்களுக்குப் பிறந்த ஊரிலேயே பழகிவிட்டது. 1938இல் ஜெர்மனியின் கருங்காட்டில், வில்ட்பெர்க் என்ற சிற்றூரில் பிறந்தீர்கள். அப்பா போரில் போய்விட்டார். இடிந்த வீடுகளின் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்து வந்து, அதன் பசையில் ஏதாவது சத்து இருக்கும் என்று அம்மா வேகவைத்துக் கொடுத்தார். பசி வந்திடப் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். உங்களுக்குப் பறக்கும் ஆசை மட்டும் போகவில்லை.

அந்த ஆசையை மூட்டியது யார் என்பதுதான் விசித்திரம். ஊரைத் தாக்க வந்த நேச நாட்டு விமானம் ஒன்று உங்கள் ஜன்னலை உரசுவதுபோல் கடந்தது. விமானியின் முகமே தெரிந்தது. வேறு பிள்ளையாக இருந்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்திருக்கும். நீங்களோ, நானும் இவரைப் போல் ஆகவேண்டும் என்று நின்றுவிட்டீர்கள்.

18 வயதில் நியூயார்க். விமானப் படையில் சேர்ந்தால் விமானம் கிடைக்கும் என்று நம்பினீர்கள். கிடைத்தது உருளைக்கிழங்குத் தோல் சீவும் வேலை. அப்புறம் வண்டி பழுதுபார்ப்பு. அதற்கெல்லாம் சலிக்காமல் கல்லூரியில் படித்து, கடற்படை வழியாக விமானி ஆனீர்கள். உயிர்பிழைக்கும் பயிற்சியில் மற்றவர்கள் எல்லாம் இளைக்க, நீங்கள் மட்டும் எடை கூடினீர்களாமே! பயிற்றுநர்கள் குப்பையில் கொட்டியதைச் சாப்பிட்டு! அதைப் படித்துச் சிரித்தேன். சுவர்க்காகிதம் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

1966 பிப்ரவரி 1 அன்று லாவோஸ் மேல் உங்கள் ஸ்கைரெய்டர் போர் விமானம் சுடப்பட்டு விழுந்தது. நீங்கள் பிடிபட்டீர்கள். அமெரிக்காவைக் கண்டித்து எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள் பிடித்தவர்கள், மறுத்தீர்கள். ஹிட்லருக்கு வாக்களிக்க மறுத்த உங்கள் தாத்தாவின் பிடிவாதம் அது. ஜூன் 29 அன்று சிறை முகாமிலிருந்து தப்பினீர்கள். உடன் தப்பி வந்த சக கைதி டுவேன் மார்ட்டினை ஒரு கிராமத்தான் கத்தியால் வெட்டிக் கொன்றதைக் கண்ணெதிரே பார்த்தீர்கள். ஜூலை 20 அன்று, மேலே பறந்த அமெரிக்க விமானி யூஜின் டீட்ரிக் ஆற்றோரம் ஏதோ வெள்ளையாக அசைவதைக் கண்டு விமானத்தைத் திருப்பினார். ஹெலிகாப்டர் தூக்கியபோது உங்கள் எடை 44 கிலோ சொச்சம்.

சரி, கேட்கத் தயங்கிய ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா லாவோஸ் மீது 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. மார்ட்டினை வெட்டியவனும் அந்த வானத்துக்குக் கீழே வாழ்ந்தவன்தான். அவன் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கீழே ஏதோ ஒரு குடிசையில், உங்கள் விமானத்தை அண்ணாந்து பார்த்த பையன் ஒருவன் இருந்திருப்பானே, அவனை எப்போதாவது நினைத்தீர்களா? உங்கள் துணிச்சலைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். என்னால் முடியவில்லை. உங்களைக் குற்றவாளி ஆக்கவும் மனம் வரவில்லை, அந்த ஜன்னலில் நின்ற பையனை எனக்குத் தெரியுமே.

கடற்படையை விட்டபின் பயணிகள் விமானம் ஓட்டினீர்கள், சோதனை விமானங்களும் ஓட்டினீர்கள். அவற்றில் பல முறை விழுந்தும் எழுந்தீர்கள். கடைசியில் நரம்பு நோய் வந்தது. 2001இல் நீங்கள் இறந்து, அமெரிக்கப் படைவீரர்களுக்கான ஆர்லிங்டன் கல்லறையில் படுத்துவிட்டீர்கள்.

அந்தப் பீப்பாய்களை அப்புறம் யார் திறந்தார்களோ.

அன்புடன்,
உங்கள் கதையை இரண்டு முறை படித்த ஒருவன்